மாதிரி இரண்டு

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்,
ராயப்பன் ஜெராக்ஸ் கடைக் கணினியில்
எல்லோருக்கும் ஒரே கடிதம்தான்.
பெயரை மட்டும் மாற்றினால் பத்து ரூபாய்.

எனக்கு முன்னால் மாற்றியவன்
பாதியில் எழுந்து போயிருக்கிறான்.
மூன்றாம் வரியில் நான்
மென்பொருள் துறையில் தீராத ஆர்வம் கொண்டவன்.
ஐந்தாம் வரியில்
தங்கள் ஹைதராபாத் கிளையில் சேரத் துடிக்கிறேன்.
நான் கேட்பதோ கொழிஞ்சாம்பாறையில்
ஒரு பால் பண்ணை,
லேப் உதவியாளர் வேலை.

"கடின உழைப்பாளின்னு போடும்மா.
எந்தச் சூழலிலும் பணியாற்றுவேன்னு ஒண்ணு.
எல்லாரும் போடறதுதான்."
போட்டேன்.
பக்கம் நிரம்பிவிட்டது.
விளிம்புவரை நிரம்பி வரும் கேன் என்றாலே
எனக்குச் சந்தேகம்.

ஏழு வருஷம் லாக்டோமீட்டர் பிடித்த கை இது.
நல்ல பாலில் அது நிமிர்ந்து மிதக்கும்.
தண்ணீர் விட்ட பாலில் கழுத்துவரை முங்கும்.
இந்தக் கடிதத்தில் இறக்கினால்
அடியில் போய் 'டொக்'கென்று தட்டும்.

அழித்தேன்.
தாழ்மையுடன், ஆர்வத்துடன், அர்ப்பணிப்புடன்,
எல்லா 'உடன்'களும் போயின.
மிஞ்சியது என் பெயரும்
எட்டு மாத வெற்றிடமும்.

அதை அவர்கள் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.
ஓணத்துக்கு நாலு நாள் முன்பு வந்த டேங்கர் யாருடையது,
மேனேஜருக்கு அவன் என்ன முறை,
என்னை நிறுத்தியபோது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்,
ஒரு முழுப் பக்கம் அடித்தேன்.
பிழைகள் மட்டும் பன்னிரண்டு.

பால் சூடாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும்.
வெப்பத்தையும் பார்த்துத்தான்
கணக்கைத் திருத்த வேண்டும்.
எழுந்துபோய் டீ சொன்னேன்.

வெளியே லாரி வரிசை.
"எந்தா லோடு?"
"வைக்கோல்."
அவ்வளவுதான். தடி உயர்ந்தது.
'ஐயா, தங்கள் மாநிலத்துக்கென்றே
விசுவாசமான வைக்கோல் ஏற்றி வந்துள்ளேன்'
என்று எந்த டிரைவரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தார்ப்பாயை அவிழ்த்திருப்பார்கள்.

திரும்பி வந்து தமிழிலேயே எழுதினேன்,
அங்கேயும் பாதி வீடுகளில் தமிழ்தானே.

ஐயா,
தினம் எழுபது மாதிரி பார்க்க ஆள் தேவை என்றிருக்கிறீர்கள்.
தொண்ணூறு பார்த்திருக்கிறேன், விடிகாலை நாலரையிலிருந்து.
கொழுப்பு, யூரியா, சோப்பு, மாவு
எல்லாச் சோதனையும் செய்வேன்.
மலையாளம் சரளமாகப் பேசுவேன்.
போன ஓணத்தில் ஒரு டேங்கரில் இருபத்திரண்டு என்று படித்தேன்.
இருபத்திரண்டு என்றே எழுதினேன்.
அடுத்த மாதத்திலிருந்து வேலையில் இல்லை.
முதல் பஸ் ஐந்து ஐம்பதுக்கு. என்று கூப்பிட்டாலும் வருவேன்.
கு. சௌடேஸ்வரி

ராயப்பன் எட்டிப் பார்த்தார்.
"அரைப் பக்கம்கூட இல்லையே.
அந்த இருபத்திரண்டை எடுத்துடும்மா, வம்பு."

வம்புதான்.
அந்த டேங்கர் அன்று போக இருந்தது
இதே பண்ணைக்காகவும் இருக்கலாம்.
'பணி கிட்டி' என்றால் அந்தப் பக்கம்
'மாட்டிக்கொண்டாய்' என்றும் அர்த்தமாம்.
விரல் அழிக்கும் பொத்தான்மேல் போனது,
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது,
பிறகு நாலு வரி மேலேறி
'சரளமாக' என்பதை மட்டும் அழித்தது.

புதிதாக அடித்ததால் இருபது ரூபாய்.
மீதி எடுக்கும்போது கவனித்தேன்,
ராயப்பன் என் கடிதத்தைச் சேமித்துக்கொண்டிருந்தார்,
'மாதிரி 2' என்று பெயரிட்டு.

இனி இந்த எல்லையில்
தையல் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும்
மனுப் போடுகிற யாரோ ஒருவர்
பெயரை மட்டும் மாற்றிவிட்டு
ஒரு டேங்கரில்
இருபத்திரண்டு என்று படித்திருப்பார்.